கோலாலம்பூரில் தேர்வு பெற்ற மருந்து

பல்கலைக்கழகத்தில் பிறக்கும் மருத்துவக் கண்டுபிடிப்பு நோயாளியின் படுக்கையை அடையுமுன் எத்தனை கைகள் மாறுகின்றது என்பதற்குச் சான்று தேடி மலேசியத் தமிழர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. குளோரம்பெனிகால் என்னும் மருந்தின் வரலாறு 1948-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் வழியாகவே நடந்தது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பால் பர்க்கோல்டர் என்னும் தாவரவியல் அறிஞர், மண்ணில் வாழும் நுண்ணுயிர்களில் நோய்க்கிருமிகளை ஒடுக்க வல்லவை எவை என்று ஆராய்ந்து வந்தார். அவ்வாய்வுக்குப் பொருளுதவி நல்கியது டெட்ராய்ட் நகரின் பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனம். வெனிசுவேலா நாட்டின் காரகாஸ் நகரை அடுத்த நிலத்து மண்ணில் அவர் கண்ட நுண்ணுயிரிலிருந்து நிறுவனத்தார் புதிய பொருளொன்றைப் பிரித்தெடுத்து 1947-இல் அறிவித்தனர். இல்லினாய் பல்கலைக்கழகத்தாரும் தம் ஊர் மண்ணிலிருந்து அதனையே தனியே கண்டனர்.

ஆயினும் சோதனைக் குழாயில் வென்றது நோயாளியிடத்தும் வெல்லும் என்பதற்கு உறுதி ஏது? அமெரிக்க இராணுவ மருத்துவ ஆய்வாளர் ஜோசப் ஸ்மேடல் அதனை உண்ணிக்காய்ச்சலில் சோதிக்க விழைந்தார். லாலாங் புல்லில் வாழும் நுண்ணிய உண்ணிகளின் கடியால் பரவும் அந்நோய், உலகப்போரில் பர்மாக் களத்துப் படைவீரரை வாட்டியது. மலாயாவின் செம்பனைத் தோட்டங்களுக்கும் புதியதன்று. 1900-இல் நிறுவப்பட்ட கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகம் இந்நோயைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்திருந்தது. அதன் இயக்குநர் ரேமண்ட் லூத்வெயிட்டும் சாவூரும் சேகரித்து வைத்திருந்த அறிவே ஸ்மேடல் குழுவினரை ஈண்டு அழைத்தது எனலாம்.

1948-இல் மருந்து அளிக்கப்பட்ட நோயாளிகளின் காய்ச்சல் விரைந்து தணிந்தது. அதனினும் வியப்பு வேறொன்று. உண்ணிக்காய்ச்சல் எனக் கருதி மருந்து அளிக்கப்பட்ட இருவருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு என்பது இரத்தச் சோதனையில் பின்னரே தெரிந்தது. அவர்களும் நலம் பெற்று வந்தனர்! அதுவரை டைபாய்டுக்கு மருந்தென ஒன்று இருந்ததில்லை. வாரக்கணக்கில் எரிந்த காய்ச்சலைப் பொறுத்திருந்து கடப்பதே வழி. தொடர்ந்து டைபாய்டு நோயாளிகள் பதின்மருக்கு மருந்தளித்ததில் காய்ச்சல் சராசரி மூன்றரை நாளில் அடங்கியது.

1949-இல் நிறுவனத்தின் வேதியியலார் நுண்ணுயிரின் துணையின்றியே மருந்தைச் செய்யும் முறையைக் கண்டனர். விலை குறைந்து உலகெங்கும் மருந்து கிட்டியது அதனாலேயே. வணிகத்தைப் பழிப்போர் இதனை மறத்தல் கூடாது. ஆனால் விற்பனை பெருகவே, சாதாரணச் சளிக்கும் அமெரிக்க மருத்துவர் இதனை எழுதிக் கொடுக்கலாயினர். எலும்பு மச்சை வற்றிக் குருதி ஊறாமற் போகும் கொடிய நோய் அரிதாகச் சிலரை, குழந்தைகளையும், கொன்றது. 1952-இல் அரசு எச்சரிக்கைச் சீட்டு ஒட்டச் செய்தது. விற்பனை சில காலம் சரிந்து, மீண்டும் ஏறியது. 1960-களின் இறுதியில் அமெரிக்க மேலவைக் குழு விசாரித்த பின்னரே அப்பழக்கம் அடங்கியது. காப்புரிமை பார்க்-டேவிஸ் நிறுவனத்திடம் இருந்தது. கோலாலம்பூரில் முதன்முதலாக அம்மருந்தை உண்டவர்கள் மருத்துவ ஏடுகளில் வெறும் எண்ணிக்கையாகவே இடம் பெற்றனர்.