வன்தட்டைத் தந்தவரும் ஓர் ஆசிரியரே

கணினியின் வன்தட்டு பழுதானால் அதிலுள்ளவற்றை எவ்வாறு மீட்பது என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டிருந்தனர். வழிமுறைகளை மட்டும் அடுக்குவதைவிட அக்கருவியின் வரலாற்றோடு சேர்த்துச் சொன்னால் மனத்தில் நிற்கும் எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வன்தட்டை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ரெனால்ட் ஜான்சன், தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியராக இருந்தவர். சிறுவயதில் அவர் பெரிய குறும்பர். தம் அக்காமார்களைப் பார்க்க வரும் இளைஞர்களின் கார்களில், தீப்பொறிச் செருகியின் மேல் பென்சிலால் கோடு கிழித்துவிடுவாராம். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே வண்டி கிளம்பாது. ஆசிரியரான பின் அதே அறிவைக் கொண்டு, பென்சிலால் குறியிட்ட விடைத்தாள்களைத் தானே திருத்தும் பொறி ஒன்றைச் செய்தார். ஐபிஎம் நிறுவனம் 1934இல் அவரைப் பணியில் அமர்த்திக்கொண்டது. 2021இல் நீக்கப்பட்ட யூபிஎஸ்ஆர் தேர்வில் 2பி பென்சிலால் நம் பிள்ளைகள் கருமையாக்கிய விடைத்தாளுக்கு அப்பொறியே மூதாதை. பிற்காலப் பொறிகள் மின்சாரத்தால் அல்லாமல் ஒளியால் படித்தன என்பது மட்டுமே வேறுபாடு.

அந்த ஜான்சனை ஐபிஎம் 1952இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகருக்கு அனுப்பியது. நான்காண்டுகளில், அதாவது 1956இல், ராமாக் என்னும் கணினி அறிமுகமானது. அதன் வட்டுப் பெட்டியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. எடை ஒரு டன்னுக்கு மேல்; கொள்ளளவோ 50 இலட்சம் எழுத்துகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கே அந்த இடம் போதாமல் போகலாம்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. இசைத்தட்டில் ஊசி தட்டைத் தொடும். வன்தட்டில் படிக்கும் முனை தட்டைத் தொடவே கூடாது. ராமாக்கில் அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்தி முனையைத் தட்டிலிருந்து விலக்கி வைத்தார்கள். 1973இல் வெளிவந்த, வின்செஸ்டர் என்ற துப்பாக்கிப் பெயரால் அறியப்பட்ட வட்டு, முனையையும் தட்டையும் ஒரே மூடிய உறைக்குள் அடைத்தது. இன்றைய வன்தட்டுகள் யாவும் அதன் வழிவந்தவையே. தட்டு சுழலும்போது எழும் காற்றே முனையைத் தாங்குகிறது. இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமயிரின் தடிமனோ ஏறக்குறைய 80,000 நானோமீட்டர்! ஒரு தூசி புகுந்தாலும் முனை தட்டில் உரசி, எழுதியதைச் சுரண்டிவிடும். வீட்டிலேயே வன்தட்டைத் திறந்து பார்ப்பதாகச் சொல்லும் தந்தையரிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வது வழக்கம்.

இவ்வரலாற்றில் நம் வட்டாரத்துக்கும் பங்குண்டு. சீகேட் நிறுவனம் 1982இல் சிங்கப்பூரில் உற்பத்தியைத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சிங்கப்பூர் உலகின் முன்னணி வன்தட்டு உற்பத்தி மையமாயிற்று. பெட்டாலிங் ஜெயாவிலும் வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலை நெடுங்காலம் இயங்கியது. 2019 இறுதிக்குள் அதனை மூடப்போவதாக 2018இல் அறிவித்தார்கள். தோட்டங்களை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களின் பெண்கள் பலர் மின்னணு ஆலைகளில்தான் வேலைக்குச் சேர்ந்தனர்.

சரி, பழுதாகப் போகும் வன்தட்டு முன்னறிவிப்புத் தருமா? தன் நலத்தைத் தானே கண்காணிக்கும் ஸ்மார்ட் என்னும் வசதி 1990களிலேயே வந்துவிட்டது. ஆயினும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து கூகல் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரை வேறு கதை சொன்னது. பழுதானவற்றுள் பாதிக்கும் மேலானவற்றில், முதன்மையான நான்கு எச்சரிக்கைக் குறிகளுள் ஒன்றுகூடத் தோன்றவில்லையாம். ஆகவே “எல்லாம் நலம்” என்று கணினி சொன்னால் அதை முழுதாக நம்ப வேண்டியதில்லை. கோப்புகள் திறக்கத் தாமதமானாலோ, ‘டிக் டிக்’ என்ற ஒலி கேட்டாலோ முதல் வேலை மின்சாரத்தை நிறுத்துவதே. குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் சரியாகும் என்றொரு கைவைத்தியம் உலவுகிறது. உள்ளே ஈரம் படிந்து உள்ளதும் கெடும், வேண்டவே வேண்டாம்.

வட்டு இன்னும் இயங்குமானால், அதிலேயே சீர்செய் நிரலை ஓட்டாமல் முழு வட்டையும் வேறொரு வட்டுக்குப் படியெடுக்க வேண்டும். இதற்கென 2004 முதல் கிடைக்கும் டிடிரெஸ்க்யூ என்னும் இலவச நிரலின் முறை ஆசிரியர்களுக்கு உடனே விளங்கும். தெரிந்த வினாக்களை முதலில் எழுது, கடினமானவற்றுக்குப் பிறகு வா என்று தேர்வு மண்டபத்தில் நாம் சொல்வதில்லையா? அதுபோல அது நல்ல பகுதிகளை முதலில் வாரி எடுத்துவிட்டுக் கெட்ட பகுதிகளைக் கடைசியில் முயலும். ஒலி எழுப்பும் வட்டுக்கு இதுவும் ஆகாது. தூசியற்ற அறை உள்ள மீட்பு நிலையத்துக்கே கொண்டு செல்ல வேண்டும். செலவு அதிகம்தான்.

படி எடுத்தால் மட்டும் போதாது, திறந்தும் பார்க்க வேண்டும். 1998இல் ‘டாய் ஸ்டோரி 2’ திரைப்படத்தின் கோப்புகள் தவறான ஓர் ஆணையால் அழியத் தொடங்கின. காப்புப்படிகளைத் தேடினால் அவை சரியாகப் பதிவாகியிருக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சுஸ்மன் என்பவரின் கணினியில் ஒரு படி இருந்ததால் படம் பிழைத்தது.

எங்கள் பள்ளியில் அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. தோட்டத்துப் பெரியவர்கள் பதினொருவரின் நினைவுகளைச் சக ஆசிரியை ஒருவர் மாணவர்களைக் கொண்டு பதிவு செய்திருந்தார். வன்தட்டு ஒலி எழுப்பவே, கடையொன்றில் கொடுத்தோம். அங்கே இரவு முழுதும் சீர்செய் நிரலை ஓடவிட்டார்கள். காலையில் அப்படியொரு வட்டு இருப்பதையே கணினி அறியவில்லை. பின்னர் மீட்பு நிலையம் நான்கு குரல்களையும் சில தட்டச்சுக் கோப்புகளையும் மட்டும் எடுத்துத் தந்தது. அக்கோப்புகளைத் திறந்தால் புரியாத குறிகளே தெரிந்தன. ஒருங்குறி பரவுமுன் வழங்கிய பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை அவை! குறியாக்க மாற்றி ஒன்றைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாக ஒருங்குறிக்குக் கொண்டுவர இரண்டு வாரமாயிற்று.

கிடைக்காத எழுவருள் நால்வரிடம் மீண்டும் சென்று பதிவு செய்தோம். மற்ற மூவரும் அதற்குள் மறைந்துவிட்டிருந்தனர். அவர்களுள் ஒருவரின் பேச்சு மட்டும், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டுக் கேட்டுப் பயிற்சி ஏட்டில் எழுதிய ஒன்பது பக்கங்களாக எங்களிடம் இருக்கிறது.