கதவுக்கு அப்பால் வர்ணம்

அமெரிக்காவில் மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் நிறுவனத்தார் 1939-ல் வெளியிட்ட 'விசர்ட் ஆப் ஓஸ்' என்னும் இசைச் சித்திரத்தைக் குழந்தைகளுக்கான மாயக்கதை என்று சொல்லிவிடுவது எளிது. அதனை உழைத்தவர்களின் கதையாகவே நான் காண்கிறேன்.

சூறாவளியில் வீட்டோடு அடித்துச் செல்லப்பட்ட சிறுமி டாரதி, கதவைத் திறக்கிறாள். அதுவரை பழுப்பாயிருந்த உலகம் வெளியே பல வர்ணங்களில் ஒளிர்கிறது. இதற்குச் செய்த தந்திரம் எளியது. வீட்டின் உட்புறத்திற்குப் பழுப்புச் சாயம் பூசினார்கள். அதே நிற உடையில் வேறொரு பெண்ணைக் கதவருகே நிறுத்தி, வர்ணப் பிலிமிலேயே படம் பிடித்தார்கள். அப்பெண் விலக, நீல உடையில் ஜூடி கார்லண்டு வெளிப்படுகிறார். கண் ஏமாந்து போகிறது, பாருங்கள்!

மற்றச் சில வித்தைகளுக்கு உடலே விலையாயிற்று. தகர மனிதனாக நடிக்க வந்த பட்டி எப்சன், மேனியில் பூசிய அலுமினியப் பொடியைச் சுவாசித்து மருத்துவமனையில் கிடந்தார். அவரிடத்தில் ஜாக் ஹேலி வந்தார். பொடிக்குப் பதில் பசை வந்தது. சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டனுக்கோ, புகையும் நெருப்புமாக மறையும் காட்சியில் முகமும் கையும் வெந்தன.

டாரதி பாடும் வானவில் பாட்டைக்கூட, படத்தை மந்தமாக்குகிறது என்று வெட்டிவிட எண்ணினார்கள். வெட்டுக்குத் தப்பிய அப்பாட்டே அகாடமி பரிசு பெற்றது.

முதல் வெளியீட்டில் படம் லாபம் தரவில்லை. 1956-ல் தொலைக்காட்சியில் வந்தது. 1959 முதல் ஆண்டுதோறும் ஒளிபரப்பாகி, குடும்பத்தார் கூடிக் காணும் வழக்கமாயிற்று. அக்காலத்தில் பல வீடுகளில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே. டாரதி கதவைத் திறந்தும் அவ்வீட்டுக் குழந்தைகளுக்கு வர்ணம் தெரியவில்லை.