அடையாளம் சொல்லும்போது...

மூன்றாம் ஆண்டு படிக்கையில், விடுதியில் என் கால்குலேட்டர் காணாமல் போயிற்று. நேரே வார்டனிடம் போய், "அந்த நேபாளிப் பையன் எங்க ரூம் பக்கம் வந்தான் சார்" என்றேன். அவன் மணிப்பூர்க்காரன், என் வகுப்புத் தோழன். "வேற யாரெல்லாம் வந்தாங்க?" என்று கேட்டார். நாலு பேர் பெயரைச் சொன்னேன். "அவங்களுக்கெல்லாம் பேர் இருக்கு. இவனுக்கு மட்டும் ஏம்ப்பா பேர் இல்லை?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் கால்குலேட்டர் டிராயிங் ஹாலில் கிடைத்தது. அதற்குள் "நேபாளி எடுத்துட்டானாம்" என்ற பேச்சு மெஸ் வரை போய்விட்டது.

பல வருடம் கழித்து, அமெரிக்காவின் டல்சா நகர வரலாற்றைப் படித்தபோது வார்டனின் கேள்வி மறுபடி நினைவுக்கு வந்தது. 1921 மே 30 அன்று, ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்த டிக் ரோலண்ட் என்ற கருப்பின இளைஞர் ஒரு கட்டிடத்தின் லிஃப்டில் ஏறினார். அதை இயக்கிய வெள்ளைக்காரப் பெண் சாரா பேஜ் கூச்சலிட்டார். ரோலண்ட் கால் தடுக்கி அவர் கையைப் பிடித்திருக்கலாம் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். மறுநாள் மாலைப் பத்திரிகை ஒன்று, பெண்ணைத் தாக்கிய 'நீக்ரோ' பிடிபட்டதாகத் தலைப்பிட்டது. அன்று மாலையே நீதிமன்றத்தின் முன் வெள்ளையர் கூட்டம் திரண்டது. ரோலண்டைக் காக்கக் கருப்பினத்தவர் சிலரும் ஆயுதத்தோடு வந்தார்கள். துப்பாக்கி வெடித்தது.

ஜூன் 1 அன்று, கருப்பினத்தவர் செழிப்பாக வாழ்ந்த கிரீன்வுட் பகுதியில் சுமார் 35 பிளாக்குகள் எரிந்து சாம்பலாயின. இறந்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்று கணிக்கப்படுகிறது. ரோலண்ட் மீதான வழக்கோ அதே ஆண்டு செப்டம்பரில் தள்ளுபடியானது!

ஒரு சொல்தான் ஊரைக் கொளுத்தியது என்று நான் சொல்ல வரவில்லை. வெறுப்பு ஏற்கெனவே அங்கே ஊறிக் கிடந்தது. அந்தச் சொல் நெருப்புக்குச்சி மாதிரி.

அப்படியானால் இனத்தைச் சொல்லவே கூடாதா? அதுவும் சரியில்லை. டல்சாவில் நடந்ததைப் பல காலம் வெறும் 'கலவரம்' என்றே எழுதினார்கள். கலவரச் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று காப்பீட்டு நிறுவனங்களும் கைவிரித்தன. கொளுத்தியது வெள்ளையர் கும்பல், எரிந்தது கருப்பினத்தவரின் வீடுகள் என்று சொல்லாவிட்டால் அந்த வரலாறு பொய்யாகிவிடும். அங்கே இனம்தான் காரணம்.

எங்கள் தொழிலில், ஒரு தூண் விரிசல் விட்டால் கம்பியின் அளவை எழுதுவோம், சிமெண்டின் தரத்தை எழுதுவோம். தூணுக்கு அடித்த பெயிண்டின் நிறத்தை எழுத மாட்டோம். பெயிண்டே விரிசலுக்குக் காரணம் என்றால் மட்டும் கட்டாயம் எழுதுவோம். தேடப்படும் ஆளின் அடையாளமும் அப்படித்தான். உயரம், சட்டை, தழும்பு இவற்றோடு நிறத்தையும் சொன்னால் ஒரு ஆளைக் கண்டுபிடிக்கலாம். நிறத்தை மட்டும் சொன்னால், ஒரு கூட்டத்தையே கூண்டில் ஏற்றுகிறோம்.

இன்று விடுதியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஏதாவது நடந்து அதைச் சொல்லப் போகும்போது, "இவன் நம்ம ஊர்க்காரனா இருந்தா இதைச் சொல்வேனா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஒன்றுகூடலுக்கு அவனும் வருவதாகச் சொன்னார்கள். வந்தால் முதலில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்புறம் மன்னிப்பு கேட்க வேண்டும்.