கலமும் அமானிதமும்

திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயமாகிய ஸூரத்துல் கஹ்பில் நபி மூஸா (அலை) அவர்களும் கிழ்ர் (அலை) அவர்களும் சேர்ந்து மேற்கொண்ட பயணம் பேசப்படுகிறது. அப்பயணத்தின் முதல் நிகழ்ச்சி ஒரு கலத்தில் நடக்கிறது. தங்களை ஏற்றிச் சென்ற அக்கலத்தைக் கிழ்ர் (அலை) அவர்கள் துளையிட்டுப் பழுதாக்குகிறார்கள். ஏற்றியவர்களுக்குச் செய்யும் கைம்மாறு இதுதானா என்று மூஸா (அலை) அவர்கள் திடுக்கிடுகிறார்கள். விளக்கம் பின்னர் வருகிறது. அக்கலம் கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகள் சிலருக்கு உரியது. அப்பகுதியில் ஓர் அரசன் கப்பல்களை வலிந்து பறித்து வந்தான். பழுதுபட்ட கலத்தை அவன் தீண்டமாட்டான் என்பதனாலேயே அது பழுதாக்கப்பட்டது.

இவ்வசனத்தில் (18:79) கலத்துக்குரியோர் 'மஸாகீன்' என்று குறிக்கப்படுகின்றனர். கப்பல் உடையவர் எவ்வாறு ஏழையாவார்? இவ்வினாவை நம் பிக்ஹு மேதைகள் ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர். ஜகாத் பெறத் தகுதியுடையோருள் முதலில் கூறப்படும் பகீர், மிஸ்கீன் ஆகிய இருவருள் மிகுதியும் வறியவர் யார் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. பகீரே மிக வறியவர் என்பது ஷாபிஈ மத்ஹபின் முடிவு. மிஸ்கீனிடம் ஏதோ சிறிது உடைமை இருக்கும், ஆயினும் அது அவர் தேவைக்குப் போதாது. இதற்குரிய சான்றுகளுள் ஒன்றாக மேற்கண்ட கப்பல் வசனத்தையே காட்டுவர். ஹனபீ அறிஞர்களோ மிஸ்கீனே மிக வறியவர் என்பர். அவர்கள் அக்கலத்தில் கூலிக்கு உழைத்தவர்களாய் இருக்கலாம், அல்லது இரக்கத்தால் அவ்வாறு அழைக்கப்பட்டிருக்கலாம் என்பது அவர்கள் தரும் விளக்கம்.

இவ்விருவருள் எவர் கூற்றை ஏற்பினும், ஓர் உண்மை புலனாகிறது. கலம் என்பது விலைமதிப்புடைய பொருளாயினும் அதனை உடையவரைச் செல்வர் என்று உடனே கூறிவிட இயலாது. ஒரு புயலோ, ஓர் அரசனின் பேராசையோ அவரை ஓரிரவில் வெறுங்கையராக்கிவிடும். நம் தமிழகக் கடற்கரையின் மரக்காயர் சமுதாயம் பெரிதும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவது. கலம் உடையவனும் ஏழையாயிருக்கக் கூடும் என்பதை அக்கரையோர மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பெயர்களில் பொதிந்த வரலாறு

இந்துமாக்கடல் வணிகத்தில் கலம் உடையவரையும் கலத்தின் தலைவரையும் குறிக்க வழங்கிய சொல் 'நாகுதா'. பாரசீக மொழியில் 'நாவ்' என்றால் கலம், 'குதா' என்றால் தலைவன். கலத்தைச் செலுத்தும் வழியறிஞரை அரபியர் 'முஅல்லிம்' என்றனர். பள்ளியில் பாடம் சொல்லும் ஆசிரியருக்கும் அதே பெயர்தான். அச்சொல்லே தமிழில் 'மாலுமி' எனத் திரிந்து வழங்குகிறது. மரக்காயர் என்னும் பெயரை மரக்கலத்தோடு இணைப்பாரும் உளர்; கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லோடு இணைப்பாரும் உளர்.

குஜராத்தின் சோமநாதபுரத்தோடு தொடர்புடைய கி.பி. 1264ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று இவ்வகையில் பெரிதும் சிந்திக்கத்தக்கது. வடமொழியிலும் அரபு மொழியிலும் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, ஹுர்முஸைச் சேர்ந்த நூருத்தீன் பீரோஸ் என்னும் நாகுதா நகர்ப்புறத்தில் நிலம் பெற்றுப் பள்ளிவாசல் கட்டியதைக் கூறுகிறது. வடமொழிப் பகுதியில் கப்பலுடையாரைக் குறிக்க 'நௌவித்தகர்' என்ற சொல் ஆளப்பட்டுள்ளது. கலத்தையே செல்வமாக உடையவர் என்பது அதன் பொருள். அச்செல்வம் எவ்வழியில் சென்றது என்பதையும் அக்கல்வெட்டே சொல்கிறது. பள்ளியின் விளக்கெண்ணெய், தண்ணீர், தொழுவிப்போர், பாங்கு சொல்வோர் ஆகியோருக்குரிய செலவு, கடலோடிகள் தம் வழக்கப்படி கொண்டாடும் விழாக்கள், கட்டடப் பழுதுபார்ப்பு ஆகியவற்றிற்கு மானியம் விடப்பட்டது. எஞ்சிய தொகை மக்கா, மதீனா நகரங்களுக்கு அனுப்பப்பட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இம்முயற்சிக்கு உள்ளூர் இந்துப் பெருமக்கள் துணை நின்றனர் என்பதும் அதே கல்லில் காணப்படும் செய்தியாகும்.

அடுத்த நூற்றாண்டில் கோழிக்கோட்டிற்கு வந்த இப்னு பதூதா அங்கு மிஸ்கால் என்னும் நாகுதாவைக் குறிப்பிடுகிறார். சீனம், ஏமன், பாரசீகம் எனப் பல நாடுகளோடு வணிகம் செய்யும் கப்பல்கள் அவருக்கு இருந்தன. இன்று குற்றிச்சிறையில் மரவேலைப்பாட்டுடன் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் மிஸ்கால் பள்ளி அவர் பெயரைத் தாங்கியுள்ளது. 1510இல் போர்த்துக்கேயர் தீயிட்ட பின்னும் அது மீண்டும் எழுந்தது. கலம் உடைமையின் மகிழ்ச்சி யாதென வினவின், கரைக்கு வந்த செல்வம் பலர் கூடித் தொழும் இடமாக மாறியதையே விடையாகக் கூறலாம்.

உடையவனின் பொறுப்பு

இம்மகிழ்ச்சிக்குரிய விலையை நம் பிக்ஹு நூல்கள் நுணுக்கமாகக் கணக்கிட்டுள்ளன. 1277இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூல், கலங்கள் மோதிக்கொள்வதை உயிரீடு பற்றிய பகுதியில் பேசுகிறது. மோதிய இரு கலங்களைச் செலுத்தியோர் மோதிய இரு குதிரைகளின் சவாரியாளர்களைப் போன்றோரே என்பது அடிப்படை. காற்று மிகைத்துக் கலம் கைமீறிப் போயிருப்பின் அவர்கள்மீது ஈடு இல்லை என்பதே வலுவான கருத்து. ஆயினும் உரையாசிரியர்கள் இங்கு ஒரு நிபந்தனையைச் சேர்க்கின்றனர். கலங்கள் செல்லத் தகாத கடுங்காற்றில் கலத்தை விட்டிருந்தாலோ, தேவையான ஆட்களும் கருவிகளும் இன்றிப் புறப்பட்டிருந்தாலோ, காற்றின்மீது பழிபோட்டுத் தப்ப இயலாது. ஈடு கொடுத்தே ஆக வேண்டும்.

கலம் மூழ்கும் அபாயம் நேர்ந்தால் சரக்கைக் கடலில் எறிவது ஆகும். அதனால் பயணிகளின் உயிர் பிழைக்கும் என நம்பினால் எறிவது கடமையாகிறது. எனினும் பிறருடைய சரக்கை அவர் இசைவின்றி எறிந்தவர் அதற்கு ஈடு தரவேண்டும். உயிருக்கு முன் பொருள் நில்லாது. ஆயினும் பிறர் பொருளின் உரிமை கடலின் நடுவிலும் அழியாது. இவ்விரண்டையும் ஒருங்கே காத்த சட்டம் இது. இப்பாடத்தை அரபுக் கல்லூரி மாணவர்க்கு ஒரு துறைமுகத்தில் வைத்து நடத்தினால் அதன் பொருள் இன்னும் தெளிவாக விளங்கும் என்பது நம் எண்ணம்.

ஆள்வோருக்கும் பொறுப்பு உண்டு. உடைந்து கரையொதுங்கிய கலத்தின் சரக்கு அரசனுக்கே என்பது பல துறைகளில் பழைய வழக்கமாய் இருந்தது. ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னர் கணபதிதேவர் 1244இல் பொறித்த அபய சாசனம் அவ்வழக்கத்தை ஒழித்தது. உரிய சுங்கம் நீங்கலாக யாவும் வணிகருக்கே என்று உறுதி கூறியது. மலபாரின் பிற துறைகளைப் போலன்றிக் கோழிக்கோட்டில் உடைந்த கலத்தின் பொருள் உடையவருக்கே கொடுக்கப்பட்டது என்றும், அந்நகரின் செழிப்புக்கு அதுவே காரணம் என்றும் இப்னு பதூதா எழுதுகிறார்.

இதற்கு மாறாக, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் தம் அனுமதிச் சீட்டில்லாத கலங்களைப் பறித்தனர். சீட்டு இருந்தும் பயனில்லாது போனதும் உண்டு. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அன்னையாருக்குரிய 'ரஹீமி' என்னும் பெருங்கப்பல், முறையான சீட்டுடன் பயணிகளை ஏற்றிவந்த நிலையில் 1613இல் கைப்பற்றப்பட்டது. கஹ்பு அத்தியாயத்தின் அரசன் வரலாற்றில் பல பெயர்களில் வந்துள்ளான்.

எனினும், கலத்துக்கு வரும் ஆபத்து யாவும் வெளியிலிருந்தே வருவதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய உவமையொன்றை நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கின்றார்கள். அது ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. சிலர் சீட்டுக் குலுக்கி ஒரு கலத்தின் மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் பகிர்ந்துகொள்கின்றனர். கீழ்த்தளத்தார் தண்ணீருக்காக மேலே ஏறிச் செல்ல வேண்டியிருக்கிறது. மேலுள்ளோருக்குத் தொல்லை தராமல் நம் பங்கிலேயே ஒரு துளையிட்டுக்கொள்வோமே என்று அவர்கள் எண்ணுகின்றனர். அவர்களைத் தடுக்காவிடில் எல்லோரும் அழிவர். தடுத்தால் எல்லோரும் பிழைப்பர். துளையிட முனைந்தவர் தம் பங்கில்தான் துளையிட முனைந்தார். தம் பங்கில் தாம் விரும்பியதைச் செய்யும் உரிமை கலத்தில் எவருக்கும் இல்லை. அதனை உடையவருக்கும் இல்லை.

2023 மே 7 அன்று கோழிக்கோட்டிற்குத் தெற்கேயுள்ள தானூரில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் குழந்தைகள் பலர். நாகுதாக்கள் பள்ளிவாசல் எழுப்பிய அதே மலபார்க் கரையில் நிகழ்ந்தது இது. கூடுதலாக ஏற்றப்படும் ஒவ்வோர் ஆளுக்கும் கிடைக்கும் கட்டணம் படகுடையவருக்கு வருமானமாகத் தோன்றலாம். பிக்ஹின் பார்வையில் அது மற்றவர் உயிரில் இடப்படும் துளையாகும்.

ஆகவே நம் கடலோர ஜமாஅத்துகளில் படகு வைத்திருப்போர் கடலுக்குப் புறப்படுமுன் துஆச் செய்யும் நல்வழக்கத்தோடு, ஆள், கருவி, காற்று, பாரம் ஆகிய நான்கையும் எண்ணிப் பார்க்கும் வழக்கத்தையும் கைக்கொள்ள வேண்டும். இவற்றையே நம் முன்னோர் மார்க்கச் சட்டமாக எழுதிவைத்தனர். கலத்தில் ஏறியவர்கள் கரையில் இறங்கும் வரை அதன் உடையவர் கையில் அமானிதமாகவே இருக்கின்றனர்.