ஒருவழிப் பாலமும் கணினித் திரையும்

மட்டக்களப்பு நகரையும் கல்லடியையும் இணைத்து வாவியின் குறுக்கே நிற்கும் பழைய இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டிலே அமைந்தது. தேசாதிபதி மனிங்கின் துணைவியார் பெயரால் அது லேடி மனிங் பாலம் எனப்பட்டது. அதன் அகலம் ஒரு வாகனத்துக்கே இடங்கொடுத்தது. ஒரு கரையிலிருந்து வண்டிகள் வருங்கால் மறுகரையார் காத்து நிற்றல் வேண்டும். இருபுறத்தாரும் ஒருங்கே புகுவாராயின், நடுப்பாலத்தில் எதிரெதிரே நின்று தவிக்க நேரும். 2013இல் அருகே புதிய பாலம் திறக்கப்படும்வரை இம்முறையே நிலவிற்று.

1928இல் மட்டக்களப்பை எட்டிய புகையிரதப் பாதையும் ஒற்றைப் பாதையே. எதிரெதிர் வரும் வண்டிகள் ஒரே பாதையில் மோதாதவாறு காப்பதற்கு உலகெங்கும் புகையிரத சேவைகள் கையாண்ட சாதனங்களுள் ஒன்று கைகாட்டி மரம். கணினியிலும் இத்தகைய இடர் எழுந்தது. பல வேலைகள் ஒரே பொருளை ஒரே வேளையில் நாடியபோது, அவற்றுக்கு முறை வகுத்தவர் ஒல்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1960களின் முற்பகுதியில் அவர் அமைத்த சாதனத்துக்குக் கைகாட்டியின் பெயராகிய 'செமபோர்' என்பதையே சூட்டினார்.

ஆயின், சாளரங்களும் பொத்தான்களும் நிறைந்த கணினித் திரைக்குக் கைகாட்டி மட்டும் போதவில்லை. பயன்படுத்துவோரின் விசையழுத்தம் இயந்திரத்திலிருந்து நிரலை நோக்கி மேலேறுகிறது. வரையுமாறு நிரல் இடும் கட்டளையோ இயந்திரத்தை நோக்கிக் கீழிறங்குகிறது. தத்தம் பக்கத்துப் பூட்டைப் பற்றிக்கொண்ட இரண்டும் நடுவழியில் எதிர்ப்பட்டால், எதுவும் நகராது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கிரகாம் ஹாமில்டன் 2004இல் இக்காரணத்தை எடுத்து விளக்கினார்.

ஆகவே, 1998இல் ஜாவா மொழியுடன் வெளிவந்த ஸ்விங் முதலிய தொகுதிகள் வேறொரு விதியைக் கைக்கொண்டன. திரையைத் தீண்டும் உரிமை ஓர் இழைக்கே உண்டு. பின்னணியில் உழைக்கும் ஏனைய இழைகள் தாம் கண்ட விடையைச் செய்தியாக்கி வரிசையில் இட்டு மீளும். முதன்மை இழை இடையறாது சுற்றிவந்து, அச்செய்திகளை ஒவ்வொன்றாய் எடுத்துத் திரையில் வரையும். பாலத்தைக் கடப்பவன் ஒருவனே. மற்றையோர் தம் பொதியைக் கரையிலே அவனிடம் ஒப்புவித்துத் திரும்புவர்.

அவ்வொருவன் நடுப்பாலத்தில் தங்குதல் ஆகாது. பெருங்கோப்பைப் படித்தல், தொலைவிலுள்ள கணினியின் மறுமொழிக்குக் காத்திருத்தல் போன்ற நெடும்பணிகளை முதன்மை இழையே மேற்கொண்டால் திரை உறைந்துவிடும். எவ்வளவு அழுத்தினும் பொத்தான் இசையாது. பழுதென்று எண்ணிப் பயனர் நிரலை நிறுத்துவாராயின், சேமிக்காத உழைப்பும் அழியும். கல்லடி வாவிக்கு இரண்டாம் பாலம் வாய்த்தது. திரைக்கோ இன்றும் ஒரே வழி. நெடும்பணியைப் பின்னணிக்கு அனுப்பி, விடையை மாத்திரம் வரிசையில் ஏற்பதே அங்குள்ள ஒழுங்கு.