கிங் காங்கைச் சுட்ட விமானி

1933ல் வந்த 'கிங் காங்' படத்தின் கடைசிக் காட்சி ஞாபகம் இருக்கா? எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் உச்சியில் நிற்கும் ராட்சதக் குரங்கை விமானங்கள் சுற்றிச் சுற்றிச் சுடும். அதில் ஒரு விமானத்தை ஓட்டுபவராக வந்து போகிறவர் வேறு யாருமில்லை, படத்தை எடுத்த மெரியன் கூப்பரேதான். பின்னால் துப்பாக்கியோடு இருப்பவர் கூட்டாளி எர்னஸ்ட் ஷோட்சாக். பெத்த பிள்ளையைத் தாங்களே முடித்து வைத்தார்கள்!

ஆனா விமானி வேஷம் கூப்பருக்குப் புதுசில்லை. 1918 செப்டம்பரில் அவர் ஓட்டிய குண்டுவீச்சு விமானம் தீப்பற்றி, கைகள் வெந்து, ஜெர்மானியரிடம் கைதியானார். போர் முடிந்ததும் ஊரில் சும்மா இருந்தாரா? சோவியத் படையோடு மோதிக்கொண்டிருந்த போலந்துக்காக அமெரிக்க விமானிகளைச் சேர்த்துக்கொண்டு போனார். 1920 ஜூலையில் மறுபடியும் வீழ்த்தப்பட்டார்.

இங்கதான் கதையே. அதிகாரி என்று தெரிந்தால் உயிர் மிஞ்சாது. அவர் போட்டிருந்ததோ செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த பழைய உள்ளாடை. அதில் முந்தைய சொந்தக்காரரின் பெயர், ஃபிராங்க் மோஷர் என்று அச்சடித்திருந்தது. அந்தப் பெயரையே சொல்லிவிட்டார். வெந்து தழும்பேறிய கைகளைப் பார்த்து, உழைக்கிற ஆள்தான் என்று நம்பிவிட்டார்கள். 1921ல் தப்பித்து லாட்வியா போய்ச் சேர்ந்தார்.

சிறையில் கிடந்தபோது அவருக்குச் சாப்பாடும் போர்வையும் அனுப்பியவர் மார்கரெட் ஹாரிசன். பெயருக்குப் பத்திரிகையாளர், நிஜத்தில் அமெரிக்க உளவாளி. 1924ல் இவரும் கூப்பரும் ஷோட்சாக்கும் பாரசீகம் போய் பக்தியாரி மக்களோடு நடந்தார்கள். சுமார் ஐம்பதாயிரம் பேர், மேய்ச்சல் தேடி, காற்றடைத்த ஆட்டுத்தோல் மிதவைகளில் கரூன் ஆற்றைக் கடந்து, சர்தே கூ மலைப்பனியில் வெறுங்காலோடு ஏறினார்கள். அதுதான் 'கிராஸ்' (1925). கூப்பருக்கு அது ஒரு தடவை சாகசம், அவர்களுக்கோ வருஷா வருஷம் நடக்கிற பிழைப்பு. படம் இதை முழுசா உணர்ந்ததாக எனக்குத் தோணல.

ஆனா 'கிங் காங்'கில் கேமராவோடு தீவுக்குப் போய், காங்கைச் சங்கிலி போட்டு இழுத்து வந்து டிக்கெட் விற்கும் கார்ல் டென்ஹம், கூப்பரின் அச்சு அசல். தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்கொண்டாரோ என்னவோ!

மனுஷன் அதோடும் அடங்கல. 1942ல், ஐம்பதை நெருங்கும் வயதில், சீனாவில் ஜெனரல் செனால்ட்டின் படைத்தலைமை அதிகாரியாக இருந்தார். 1945ல் ஜப்பான் சரணடைந்தபோது மிசூரி கப்பலில் நின்றார். பிறகு ஜான் ஃபோர்டோடு சேர்ந்து படங்கள் தயாரித்தார்.

டென்ஹமாக நடித்த ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் 1973 ஏப்ரல் 20ல் இறந்தார். மறுநாள் கூப்பர்.