முத்துக்குளித்துறை ஆவணங்கள்

முத்துக்குளித்துறை ஆவணங்கள் என்பவை தூத்துக்குடிக் கரையின் முத்துக்குளிப்பு, துறைமுகம், பரதவர் வாழ்வு பற்றிய பழைய அரசுப் பதிவுகள். ஆங்கிலேயர் காலத்தவை சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1909-இல் கட்டி முடிந்த இக்கட்டடம் நெடுங்காலம் ‘மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ்’ என்றே வழங்கியது. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-இல்தான். அதனால் தேடுபவர் திருநெல்வேலி மாவட்டப் பதிவேடுகளையும் வருவாய் வாரிய நடவடிக்கைகளையும் புரட்ட வேண்டும்.

முத்துக்குளிப்பு அரசின் கையில் இருந்ததால் அதன் ஒவ்வொரு படியும் எழுத்தில் ஏறியது. முதலில் சிப்பி விளையும் கடலடிப் பார்களைச் சோதித்து மாதிரிச் சிப்பிகள் எடுப்பார்கள். முத்து தேறினால்தான் குளிப்பு அறிவிக்கப்படும். கரைசேர்ந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கு. அரசுப் பங்கு ஆயிரம் சிப்பி வீதம் ஏலம் போகும். 1830-க்குப் பின் முப்பது ஆண்டுகள் குளிப்பே நடக்கவில்லை. ஆனாலும் பார் சோதனை தொடர்ந்தது, அதைப் பற்றிய கடிதங்களும் தொடர்ந்தன.

ஆங்கிலேயருக்கு முன், டச்சுக்காரர் 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்துக் கொழும்பிலிருந்து நிர்வகித்தனர். இடையில் கைமாறிய ஊர் 1825-இல் ஆங்கிலேயரிடம் நிலையாகச் சேர்ந்தது. எழும்பூரிலும் டச்சு ஏடுகள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி கொச்சியைச் சேர்ந்தவை. இக்கரைக்குரியவற்றுக்குக் கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்தையும் ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தையும் நாட வேண்டும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003-இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது.

டச்சுக் காலக் குறிப்புகளில் மிகவும் பேசுவது ‘கல்’ கணக்கு. குளியாள் கயிற்றில் கட்டிய கல்லில் கால்வைத்து விரைந்து அடியில் இறங்குவார்; மேலிருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். அந்தக் கல்லே உரிமையின் அளவாகவும் இருந்தது. மதுரை நாயக்கர், இராமநாதபுரம் சேதுபதி, ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகள் ஆகியோருக்கு வரியில்லாக் கற்கள் ஒதுக்கப்பட்டன. யார் கை ஓங்கியிருந்தது என்பதை எந்த வரலாற்று நூலையும்விட இந்தப் பட்டியல் தெளிவாகக் காட்டுகிறது. மூச்சடக்கி இறங்கியவரோ அதில் ஓர் எண் மட்டுமே.

அதற்கு முந்தைய போர்ச்சுகீசியர் காலத்துக்கு, 1542-இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் முதலான சேசு சபையாரின் கடிதங்களே முதன்மைச் சான்று. அச்சபையின் ரோமாபுரிக் காப்பகமும் கொடைக்கானல் செண்பகனூர்க் காப்பகமும் இதற்கு உதவும். இத்தனை ஊர்களில் சிதறிக் கிடப்பவற்றின் படிகளாவது தூத்துக்குடிக்கு வந்து சேர வேண்டும்; பரதவர் வீட்டுப் பிள்ளைகள் பாட்டன் தொழிலின் கணக்கைப் பார்க்கக் கடல் கடக்க வேண்டியதில்லை.

இந்தப் பதிவுகளோடு சேர்த்துப் படிக்க ஓர் அச்சு நூலும் உண்டு: சென்னை மாகாண மீன்வளத் துறை அதிகாரி ஜேம்ஸ் ஹார்னெல் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பின் வரலாற்றைத் தொகுத்து 1922-இல் வெளியிட்டார். அதற்குப் பின்னும் நடந்துவந்த குளிப்புகளில் தூத்துக்குடியின் கடைசிக் குளிப்பு 1961-இல் முடிந்தது.